நோயாளியின் இடத்தில் நின்று

(உயிரி மருத்துவப் பொறியியல் மாணவர்களிடையே நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறுவை அரங்கில் நெடுங்காலம் பணிபுரிந்து மறைந்த ஒரு செவிலியரின் நினைவாக அவருடைய பிள்ளைகள் இந்த அறக்கட்டளையை நிறுவியிருக்கிறார்கள். மருத்துவர்களும் அறிவியலாளர்களும் பேசிய இந்த மேடைக்கு, கருவித் தொழிற்சாலைகளின் தரத்துறையில் பணியாற்றிய என்னை அழைத்திருக்கிறீர்கள். இந்தப் பெருமை என் துறைக்கு உரியது. அறுவை அரங்கில் ஒரு செவிலியர் உறையைப் பிரித்துத் தையல் நூலை மருத்துவரிடம் நீட்டும்போது, அதைச் செய்தவர் யார், எந்த ஊரில், எந்த ஷிப்டில் செய்தார் என்று அவருக்குத் தெரியாது. முகம் தெரியாத ஒருவரை நம்பித்தான் பிரிக்கிறார். அந்த நம்பிக்கைக்கு நாம் எப்படித் தகுதி பெறுவது என்பதே இன்றைய உரையின் பொருள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருத்துவக் கருவி நிறுவனத்தில் தரத்துறை நோயாளியின் பிரதிநிதியாக அமர்ந்திருக்கிறது. நோயாளியால் கேட்க முடியாத கேள்வியை அது கேட்க வேண்டும். விடை சரியில்லை என்றால் வேலையை நிறுத்தும் உரிமை அதற்கு இருக்க வேண்டும். அந்த உரிமை இல்லாத ஆலையில் சுவரில் எத்தனை சான்றிதழ் தொங்கினாலும் பயனில்லை.

சோதித்துப் பார்க்க முடியாத வாடிக்கையாளர்

சந்தையில் கத்தரிக்காய் வாங்குகிறவர்கூடக் காம்பைத் திருப்பிப் பார்த்து, சொத்தை இருந்தால் தள்ளிவிட்டு, நல்லதாகப் பொறுக்கி எடுக்கிறார். இதய வால்வு பொருத்திக்கொள்கிறவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர் மயக்கத்தில் இருக்கிறார். அவருக்காகத் தேர்ந்தெடுக்கும் மருத்துவரும் வால்வின் உலோகத்துக்குள் இருக்கும் நுண்ணிய விரிசலைக் கண்ணால் பார்க்க முடியாது. செவிலியர் உறையின் மேல் அச்சிட்ட காலாவதித் தேதியைப் பார்க்கலாம். உள்ளே இருக்கும் ஊசி கிருமி நீக்கப்பட்டதுதானா என்று பார்க்க முடியாது. பார்க்க வேண்டுமானால் உறையைப் பிரிக்க வேண்டும். பிரித்துவிட்டால் அதைப் பயன்படுத்த முடியாது.

ஆக, இந்தத் தொழிலில் வாங்குகிறவர், பயன்படுத்துகிறவர், பயன்பெறுகிறவர் ஆகிய மூவருக்குமே பொருளைச் சோதிக்கும் வழி இல்லை. சோதனை முழுவதும் செய்தவரிடமே விடப்பட்டிருக்கிறது. வேறு எத்தனையோ தொழில்களில் மோசமான பொருளைச் சந்தை மெல்ல மெல்லத் தண்டித்துவிடும். இங்கே அந்தத் தண்டனை வந்து சேர்வதற்குள் பாதிப்பு ஓர் உடலுக்குள் நிகழ்ந்து முடிந்திருக்கும்.

கட்டுப்பாடும் உறுதியும்

மாணவர்கள் க்யூசி, க்யூஏ என்று ஒரே மூச்சில் சொல்கிறீர்கள். இரண்டும் வேறு வேறு வேலைகள். க்யூசி என்ற தரக் கட்டுப்பாடு, செய்து முடித்த பொருளை அளந்து, சோதித்து, ஏற்கிறது அல்லது தள்ளுகிறது. க்யூஏ என்ற தர உறுதி, பொருள் சரியாக மட்டுமே உருவாகும்படி முழு வேலைமுறையையும் அமைத்துக் காக்கிறது. வடிவமைப்பு, மூலப்பொருள் வாங்குதல், இயந்திரம், பயிற்சி, ஏடு, புகார் எல்லாம் அதற்குள் அடங்கும்.

கட்டுப்பாடு மட்டும் ஏன் போதாது என்பதை ஒரு கணக்கால் காட்டுகிறேன். ஒரு லாட்டில் 10,000 உறைகள் இருக்கின்றன. அவற்றில் 10 உறைகளின் ஒட்டு சரியில்லை, அதாவது ஆயிரத்துக்கு ஒன்று. நாம் 80 உறைகளை எடுத்துச் சோதிக்கிறோம். அந்த 80இல் ஒரு குறைகூடச் சிக்காமல் போகும் வாய்ப்பு நூற்றுக்கு 92. சோதனை அறிக்கையில் 'தேறியது' என்று எழுதிக் கையெழுத்திடுவோம். அறிக்கையில் பொய் எதுவும் இருக்காது. ஆனாலும் 10 உறைகள் மருத்துவமனைக்குப் போய்விடும். எல்லாவற்றையும் சோதிக்கலாமே என்றால், ஒட்டின் வலிமையை அறிய உறையைக் கிழித்துத்தான் பார்க்க வேண்டும். 10,000த்தையும் கிழித்த பிறகு விற்க என்ன மிஞ்சும்?

கிருமி நீக்கத்தில் நிலைமை இன்னும் கடினம். கிருமி நீக்கப்பட்ட பொருளில் ஓர் உயிருள்ள கிருமி எஞ்சியிருக்கும் வாய்ப்பு 10 லட்சத்தில் ஒன்றுக்கு மேல் போகக்கூடாது என்பது உலகம் ஏற்றுக்கொண்ட அளவு. இதை எந்த மாதிரிச் சோதனையாலும் நிரூபிக்க முடியாது. அதனால் வேலைமுறையையே சோதிக்கிறோம். எத்திலீன் ஆக்சைடு வாயுவால் கிருமி நீக்கும் அறையில், அந்த வாயுவை நன்றாகத் தாங்கக்கூடிய பேசிலஸ் அட்ரோபேயஸ் என்ற பாக்டீரியாவின் 10 லட்சம் வித்துகள் தடவிய பட்டைகளை, வாயு எளிதில் நுழைய முடியாத மூலைகளில் வைக்கிறோம். திட்டமிட்ட நேரத்தில் பாதி நேரம் மட்டும் வாயுவைச் செலுத்துகிறோம். அந்தப் பாதியிலேயே அத்தனை வித்துகளும் அழிந்தால், முழு நேரமும் செலுத்தும்போது 10 லட்சத்தில் ஒன்று என்ற அளவுக்கு இறங்கிவிடுவோம் என்று கணக்கிட முடிகிறது. இனி ஒவ்வொரு நாளும் வெப்பம், ஈரப்பதம், வாயுவின் அடர்த்தி, நேரம் ஆகிய நான்கும் அந்த அளவிலேயே இருக்கின்றனவா என்று காப்பதுதான் வேலை. முறையை முன்கூட்டியே நிரூபித்து, நிரூபித்த முறையிலிருந்து விலகாமல் இருப்பதை வேலிடேஷன் என்கிறோம்.

இதோடும் முடியவில்லை. கிருமி செத்துவிட்டாலும் அதன் உடலிலிருந்து சிதறிய நச்சுப்பொருள் எஞ்சியிருக்கலாம். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸில் அப்படிப்பட்ட மிச்சம் இருந்தால், கிருமியே இல்லாமல் கண் அழற்சி கொள்ளும். ஆகவே கழுவப் பயன்படும் நீரிலிருந்தே கவனம் தொடங்க வேண்டும். கடைசி மேசையில் உட்கார்ந்திருக்கும் பரிசோதகரால் மட்டும் இதைக் காப்பாற்ற முடியாது.

இரண்டு வால்வுகள்

இப்போது இரண்டு இதய வால்வுகளின் வரலாற்றைச் சொல்கிறேன். இரண்டும் ஒரே வகை. ஒரு வளையத்துக்குள் ஒரு வட்டத் தட்டு சாய்ந்து திறந்து மூடும். தட்டை உலோகக் கம்பிகள் பிடித்திருக்கும். நம் இதயம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் முறை துடிக்கிறது. ஆண்டுக்கு மூன்றரைக் கோடி முறைக்கும் மேல் அந்தத் தட்டு திறந்து மூட வேண்டும்.

முதலாவது, ஜோர்க்-ஷைலி குவிகுழி வால்வு. சுவீடன் நாட்டு அறுவை மருத்துவர் வைக்கிங் ஜோர்க், அமெரிக்கப் பொறியாளர் டொனால்ட் ஷைலி ஆகியோரின் பெயரைத் தாங்கியது. கலிபோர்னியாவில் ஷைலி நிறுவனம் செய்தது. 1979இல் அந்த நிறுவனம் பைசரின் கைக்குப் போனது. அதே ஆண்டு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வால்வுக்கு அனுமதி தந்தது. தட்டைத் தாங்கும் இரண்டு கம்பிகளில் ஒன்று வளையத்தோடு ஒன்றாகவே அமைந்தது. மற்றொன்று தனியே செய்து இரண்டு முனைகளிலும் வளையத்தோடு வெல்டிங் செய்யப்பட்டது. சிக்கல் அந்த வெல்டிங்கில் இருந்தது. அனுமதிக்கு முன் நடந்த மருத்துவச் சோதனையின்போதே ஒரு கம்பி முறிந்தது. விற்பனை தொடங்கிய பிறகும் முறிவுகள் வந்தபடி இருந்தன. கம்பி முறிந்தால் தட்டு கழன்று ரத்தத்தோடு போய்விடும். அவசர அறுவை கிடைக்காவிட்டால் நோயாளி சில மணி நேரத்தில் இறந்துபோவார். முறிவைச் சந்தித்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் உயிரிழந்தார்கள்.

1986இல் வால்வு சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. அதற்குள் உலகம் முழுவதும் சுமார் 86,000 பேருக்குப் பொருத்தியாகிவிட்டது. பிற்காலத்தில் 600க்கும் மேற்பட்ட முறிவுகள் பதிவாயின. எஞ்சியவர்கள், தங்கள் வால்வும் முறியுமோ என்ற அச்சத்தோடு வாழ்ந்தார்கள். அதை எடுத்துவிட்டு வேறு பொருத்தும் அறுவையிலும் உயிருக்கு ஆபத்து இருந்தது. 1990இல் அமெரிக்க நாடாளுமன்றக் கீழவையின் துணைக்குழு ஒன்று இதை விசாரித்து அறிக்கை தந்தது. நிறுவனம் நம்பிக்கையை மீறியதையும், கண்காணிக்க வேண்டிய அரசு அமைப்பு தவறியதையும் அறிக்கையின் தலைப்பே சேர்த்துச் சொன்னது. அதே ஆண்டு இறுதியில் அமெரிக்காவில் பாதுகாப்பான மருத்துவக் கருவிகள் சட்டம் வந்தது. கருவியால் மரணம் நேர்ந்தால் மருத்துவமனையும் தெரிவிக்க வேண்டும், உடலுக்குள் வைக்கும் முக்கியக் கருவிகள் யாரிடம் இருக்கின்றன என்று தடம் காண முடிய வேண்டும் என்பவை அதன் வழியே வந்த கடமைகள்.

இரண்டாவது, நம் நாட்டு வால்வு. திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் டாக்டர் எம். எஸ். வலியத்தான் தலைமையில், பொறியாளர் ஜி. எஸ். புவனேஸ்வர் உள்ளிட்ட குழு உருவாக்கியது. ருமாட்டிக் காய்ச்சலால் இளம் வயதிலேயே வால்வு கெட்டுப்போகும் ஏழை நோயாளிகள் நம் நாட்டில் ஏராளம். இறக்குமதி வால்வின் விலை அவர்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. அவசரப்படுவதற்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது. ஆனால் அந்தக் குழு அவசரப்படவில்லை.

முதல் மாதிரியில் கம்பி வெல்டிங் செய்த இடத்தில் முறிந்தது. கைவிட்டார்கள். அடுத்த மாதிரியில் டைட்டானியம் அளவுக்கு மேல் தேய்ந்தது. கைவிட்டார்கள். மூன்றாவதில் செயற்கை நீலக்கல் படிகத்தால் தட்டு செய்தார்கள், உலோகத்தையும் மாற்றினார்கள். ஆய்வகத்தில் நன்றாக இருந்தது. ஆட்டின் இதயத்தில் வைத்தபோது தட்டு உடைந்தது. அதையும் கைவிட்டார்கள். நான்காவது மாதிரியில் ஹேன்ஸ்-25 என்ற கோபால்ட் கலப்பு உலோகத்தின் ஒரே கட்டியிலிருந்து, வெல்டிங்கே இல்லாமல், வளையத்தையும் கம்பிகளையும் சேர்த்துக் கடைந்தெடுத்தார்கள். மிக உயர் மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீனால் தட்டு செய்தார்கள். பல ஆண்டுத் துடிப்புகளைச் சில மாதங்களுக்குள் அடக்கும் இயந்திரத்தில் கோடிக்கணக்கான முறை திறந்து மூடிப் பார்த்தார்கள். 1990 டிசம்பர் 6ஆம் நாள் அது முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தப்பட்டது. பல மருத்துவமனைகளில் 300க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் ஆராய்ந்த பிறகே, 1995 முதல் சென்னையின் டிடிகே குழுமத்தின் வழியே விற்பனைக்கு வந்தது. இன்றுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சித்திரா வால்வுகள் மக்களுக்குப் பொருத்தப்பட்டிருக்கின்றன.

இரண்டு குழுக்களிலும் திறமைக்குப் பஞ்சமில்லை. இரண்டு வால்வுகளிலும் ஒரு கட்டத்தில் கம்பி முறிந்தது. ஓரிடத்தில் முறிவு கணக்கில் எழுதப்பட்டு, வேலை தொடர்ந்தது. மற்றோரிடத்தில் முறிவு வேலையை நிறுத்தியது. ஆட்டின் இதயத்தில் உடைந்த அந்த ஒரு தட்டு மூன்றாவது மாதிரிக்கே முற்றுப்புள்ளி வைத்தது. அத்தனை ஆண்டு உழைப்பை ஒதுக்கிவைத்துவிட்டு மறுபடி தொடங்க எவ்வளவு மன உரம் வேண்டும்! 2024இல் மறைந்த வலியத்தானை அறுவை மருத்துவராகவும் ஆயுர்வேத நூல்களின் ஆய்வாளராகவும் உலகம் போற்றுகிறது. தரத்துறையில் இருப்பவர்கள், நிறுத்தத் தெரிந்த தலைவர் என்றும் அவரைப் போற்ற வேண்டும்.

ஏடு உண்மை பேச வேண்டும்

ஆலையில் புதிதாகச் சேரும் இளைஞர்கள் தரத்துறையைக் காகித வேலை என்று சலித்துக்கொள்கிறார்கள். பேட்ச் பதிவேடு, அளவுத்திருத்தச் சான்று, பயிற்சிப் பதிவு, விலகல் அறிக்கை என்று ஏடுகள் குவிவது உண்மைதான். ஏடு எதற்காக இருக்கிறது என்பதை மறந்தால் அது வெறும் சுமைதான். பிரான்சில் நடந்ததைக் கேளுங்கள்.

லா சேன்-சூர்-மேர் என்ற கடற்கரை ஊரில் பிஐபி என்ற நிறுவனம் மார்பகத்தில் பொருத்தும் சிலிக்கோன் பைகளைச் செய்தது. மருத்துவத் தரமுள்ள சிலிக்கோனுக்கு அனுமதி வாங்கிவிட்டு, தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான மலிவான சிலிக்கோனை உள்ளே நிரப்பியது. ஐரோப்பிய முறைப்படி அந்த நிறுவனத்தைத் தணிக்கை செய்யத் தனி அமைப்பு இருந்தது. தணிக்கையாளர்கள் முன்கூட்டியே தேதி சொல்லிவிட்டு வந்தார்கள். வரும் நாளில் மலிவுச் சரக்கு மறைக்கப்பட்டது. காட்ட வேண்டிய ஏடு காட்டப்பட்டது. 2010 மார்ச்சில் பிரெஞ்சு மருந்துக் கண்காணிப்பு அதிகாரிகள் நேரில் சென்றபோது மோசடி வெளிவந்தது. அதற்குள் 65 நாடுகளில் சுமார் 3 லட்சம் பெண்களின் உடலில் அந்தப் பைகள் இருந்தன. 2013 டிசம்பரில் மார்செய் நீதிமன்றம் நிறுவனருக்கு 4 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது.

பின்னர் ஐரோப்பிய நீதிமன்றம்வரை சென்ற ஒரு வழக்கில், பாதிக்கப்பட்டவர் தரப்பு ஓர் எளிய வாதத்தை வைத்தது. கொள்முதல் பில்களையும் சரக்கு வந்த சீட்டுகளையும் பார்த்திருந்தாலே, அனுமதி பெற்ற சிலிக்கோன் வாங்கப்படவில்லை என்பது தெரிந்திருக்குமே என்றது. மாணவர்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏடுகள் ஒன்றோடொன்று பேச வேண்டும். வாங்கிய அளவும், செலவான அளவும், செய்த எண்ணிக்கையும், தள்ளிய எண்ணிக்கையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு நேராக வேண்டும். தணிக்கைக்காகத் தனியே அலங்கரித்த ஏடு இந்தச் சேர்த்துப் பார்க்கும் கணக்கில் தோற்றுவிடும். 2017இல் இயற்றி 2021 மே 26 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய விதிகளில், முன்னறிவிப்பில்லாத தணிக்கை ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது நடக்க வேண்டும் என்று சேர்த்தார்கள்.

மோசடி அரிது. அன்றாடம் நிகழ்வது வேறு. ஒரு புகார் வருகிறது. அதற்குத் திருத்த, தடுப்பு நடவடிக்கை எடுக்க வேண்டும். ஆலைகளில் இதைக் கேப்பா என்பார்கள். படிவத்தில் 'மூலக் காரணம்' என்ற கட்டத்தில் 'ஆபரேட்டரின் கவனக்குறைவு' என்று எழுதுவார்கள். நடவடிக்கை என்ற கட்டத்தில் 'மறுபயிற்சி அளிக்கப்பட்டது' என்று எழுதிக் கோப்பை மூடுவார்கள். மூன்று மாதம் கழித்து அதே புகார் வரும். அந்த ஆபரேட்டர் ஏன் தவறினார் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இரண்டு லேபிள்கள் ஒரே நிறத்தில் இருந்தனவா? பழைய லேபிள் கட்டு மேசையிலிருந்து அகற்றப்படாமல் இருந்ததா? இரவு ஷிப்டில் ஆள் குறைவா? மனிதரைக் குறை சொல்லி மூடிய கோப்பு, வேலைமுறையின் குறையை அப்படியே விட்டுவைக்கிறது.

நான் பணிபுரிந்த ஓர் ஆலையில் உறை ஒட்டும் வரிசையில் ஓர் அம்மா வேலை பார்த்தார். பள்ளிப்படிப்பை முடிக்காதவர். ஒரு நாள், ஒட்டின் கோடு வழக்கத்தைவிட வெளிறித் தெரிகிறது என்று சொல்லி இயந்திரத்தை நிறுத்தினார். திரை வெப்பநிலை சரியாக இருப்பதாகவே காட்டியது. மேற்பார்வையாளர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. பராமரிப்புப் பிரிவை அழைத்தார். வெப்பத்தை உணரும் கருவி இடத்திலிருந்து நழுவியிருந்தது. முந்தைய சோதனைக்குப் பிறகு ஒட்டிய உறைகள் எல்லாம் ஒதுக்கப்பட்டன. அடுத்த கூட்டத்தில் ஆலை மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் அந்த அம்மாவுக்கு நன்றி சொன்னார். அந்த நன்றியைக் கேட்ட ஒவ்வொரு தொழிலாளியும் அடுத்த முறை சந்தேகம் வந்தால் வாய் திறப்பார். அன்று அவரைத் திட்டியிருந்தால் அந்த வரிசையில் மறுபடி யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள்.

விற்ற பிறகும் நம் பொருள்தான்

பொருள் ஆலையின் வாசலைத் தாண்டியதும் தரத்துறையின் வேலை முடிந்துவிடுவதில்லை. சில உண்மைகள் ஆயிரக்கணக்கான உடல்களில் சில ஆண்டுகள் கழிந்த பிறகே தெரியவரும்.

ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தைச் சேர்ந்த டெபுய் நிறுவனத்தின் ஏஎஸ்ஆர் இடுப்பு மூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உலோகக் கிண்ணத்துக்குள் உலோகத் தலை உராயும் அமைப்பு அது. உராய்வில் கோபால்ட், குரோமியத் துகள்கள் கழன்று சுற்றியுள்ள திசுவைக் கெடுத்தன. ஆஸ்திரேலியாவில் மூட்டு மாற்று அறுவைகளுக்குத் தேசியப் பதிவேடு உண்டு. எந்த மூட்டு யாருக்கு வைக்கப்பட்டது, எப்போது மறுபடி மாற்ற வேண்டியதாயிற்று என்று அது கணக்கு வைக்கிறது. இந்த மூட்டு மற்றவற்றைவிட அதிகமாகத் தோற்பதை அந்தப் பதிவேடு காட்டிக்கொடுத்தது. 2009 இறுதியில் அங்கே விற்பனை நின்றது. 2010 ஆகஸ்ட்டில் உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டது. அதுவரை உலகில் பொருத்தியவை சுமார் 93,000.

இந்தியாவில் இது சுமார் 4,700 அறுவைகளில் பயன்படுத்தப்பட்டது. அந்த நோயாளிகளில் பெரும்பாலோர் எங்கே இருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. 2017இல் மத்திய அரசு நிபுணர் குழு அமைத்தது; பாதிக்கப்பட்டவர்களுக்குக் குறைந்தது 20 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. இழப்பீடு தர ஆள் வேண்டும். ஆளைக் காண முகவரி வேண்டும். பொருளின் லாட் எண்ணையும் நோயாளியின் பெயரையும் இணைக்கும் ஒரு வரி மருத்துவமனை ஏட்டில் இருந்திருந்தால், எத்தனையோ பேர் தங்கள் வலியின் காரணத்தையாவது அறிந்திருப்பார்கள். உள்வைக்கும் கருவியோடு வரும் ஸ்டிக்கர் லேபிள்களை நோயாளியின் கோப்பில் ஒட்டும்படி கேட்பது இதற்காகத்தான்.

இன்னொன்று, நம் எல்லோர் வீட்டிலும் கொரோனாக் காலத்தில் இருந்த பல்ஸ் ஆக்சிமீட்டர். விரலில் மாட்டிக்கொண்டு 94ஆ, 95ஆ என்று பார்த்து மருத்துவமனைக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுத்தோம். 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஓர் அமெரிக்க ஆய்வு வெளிவந்தது. ஆக்சிமீட்டர் 92 முதல் 96 வரை காட்டிய நோயாளிகளின் தமனி ரத்தத்தை எடுத்துப் பார்த்தபோது, உண்மையான அளவு 88க்கும் கீழே இருந்தவர்கள் கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம், வெள்ளையரில் 3.6 சதவீதம். இந்தக் கருவி ஒளியைத் தோல் வழியே செலுத்தி அளக்கிறது. தோலின் நிறமி அளவீட்டில் குறுக்கிடுகிறது. யாருடைய விரல்களில் சோதித்து இந்தக் கருவியைச் சரிபார்த்தார்கள் என்ற கேள்வி ஒரு தரக் கேள்வி. கருநிறத் தோல் கொண்ட நாம் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி. யாருக்காகச் செய்கிறோமோ அவர்களிடம் சோதித்தோமா என்பதை வடிவமைப்புக் கட்டத்திலேயே கேட்டாக வேண்டும்.

விலை குறைய வேண்டும், தரம் குறையக்கூடாது

ஏழை நாட்டுக்கு இவ்வளவு கண்டிப்பு கட்டுப்படியாகுமா என்று தொழில்முனைவோர் என்னிடம் கேட்பதுண்டு. அதற்கு மதுரை விடை சொல்கிறது. அரவிந்த் கண் மருத்துவமனையின் வழியே 1992இல் தோன்றிய ஆரோலேப், கண்புரை அறுவையில் வைக்கும் லென்ஸை அங்கேயே செய்யத் தொடங்கியது. இறக்குமதி லென்ஸ் ஒன்று 100 டாலரை ஒட்டி விற்ற காலம் அது. ஆரோலேப் அதைச் சுமார் 10 டாலர் அளவுக்குக் கொண்டுவந்தது. பின்னர் இன்னும் குறைத்தது. ஐரோப்பியத் தரச் சான்று பெற்றது. 100க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு ஏற்றுமதி செய்கிறது.

லென்ஸ் தொழிலில் தரம் எவ்வளவு நுணுக்கமானது என்று பாருங்கள். 15க்கு மேல் 25 டயாப்டர் வரை திறனுள்ள லென்ஸில் 0.4 டயாப்டருக்கு மேல் விலகல் இருக்கக்கூடாது என்கிறது சர்வதேசத் தரநிலை. லென்ஸ் அருமையாக அமைந்து, லேபிள் மட்டும் மாறி ஒட்டப்பட்டால்கூட நோயாளிக்குத் தவறான பார்வைதான் கிடைக்கும். இவ்வளவையும் காத்துக்கொண்டே விலையைக் குறைக்க முடியும் என்று நம் ஊர்ப் பெண்கள் பெருமளவில் பணிபுரியும் ஒரு நிறுவனம் காட்டியிருக்கிறது. தள்ளப்படும் சரக்கும் மறுவேலையும் குறைந்தால் செலவும் குறையும் என்பது ஆலையில் இருப்பவர்களுக்குத் தெரிந்த கணக்கு.

சட்டமும் இப்போது நம் பக்கம் நிற்கிறது. 2017இல் அறிவித்த மருத்துவக் கருவிகள் விதிகள் 2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளன. ஆபத்தின் அளவைப் பொறுத்துக் கருவிகள் ஏ, பி, சி, டி என்று நான்கு வகை. பஞ்சு முதலானவை ஏ; இதய வால்வு டி. தர மேலாண்மை முறையை அந்த விதிகளின் ஐந்தாம் அட்டவணை வகுக்கிறது. அது ஐஎஸ்ஓ 13485 தரநிலையை ஒட்டியது. 2020 ஏப்ரல் 1 முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் சட்டத்தின் கீழ் வந்தன. ஏ, பி வகைகளுக்கு 2022 அக்டோபரிலிருந்தும், சி, டி வகைகளுக்கு 2023 அக்டோபரிலிருந்தும் உரிமம் என்று படிப்படியாக விதிக்கப்பட்டது. ஒரகடத்தில் சுமார் 350 ஏக்கரில் மருத்துவக் கருவிப் பூங்கா திட்டமிடப்பட்டிருக்கிறது. வருகிற ஆண்டுகளில் இந்தத் தொழில் தமிழ்நாட்டில் பெருகும். அது எப்படிப்பட்ட பழக்கங்களோடு பெருகப்போகிறது என்பது இந்த அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களைப் பொறுத்தது.

நான் கேட்டுக்கொள்வது

மாணவர்களே, வடிவமைப்புத் துறைக்கு மட்டும் ஆசைப்படாதீர்கள். உங்களில் சிறந்த சிலராவது தரத்துறைக்கு வாருங்கள். புள்ளியியல் கற்றுக்கொள்ளுங்கள், மாதிரிச் சோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று அறிந்துகொள்ளுங்கள். அளக்காததை அளந்ததாக ஒருநாளும் எழுதாதீர்கள். நேற்றைய தேதியிட்டு இன்று கையெழுத்திடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். முதல் மறுப்பு கடினமாக இருக்கும். அதைச் செய்தவருக்கு இரண்டாவது மறுப்பு எளிது.

தொழில் நடத்துகிறவர்களே, தரத்துறைத் தலைவரை உற்பத்தித் தலைவரின் கீழ் வைக்காதீர்கள். மாத இறுதியில் சரக்கு அனுப்ப வேண்டிய நெருக்கடியில், லாட்டை ஹோல்டில் வைக்கும் அவருடைய கையெழுத்தைத் தொலைபேசியில் மிரட்டி மாற்றாதீர்கள். நிறுத்தியவரைக் காப்பாற்றுவது உங்கள் முதல் கடமை.

மருத்துவர்களே, செவிலியர்களே, ஒரு கருவி சரியாக வேலை செய்யாவிட்டால் அதை ஓரமாகப் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்துக்கொள்வதோடு நின்றுவிடாதீர்கள். 2015 ஜூலையிலிருந்து நம் நாட்டில் மருத்துவக் கருவிப் பாதுகாப்புக் கண்காணிப்புத் திட்டம் இயங்குகிறது. காஸியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் அதை ஒருங்கிணைக்கிறது. லாட் எண்ணோடு எழுதி அனுப்புங்கள். நீங்கள் அனுப்பும் ஒரு தாள் மற்றொரு ஊரில் மற்றொரு மேசையில் படுத்திருப்பவரைக் காக்கக்கூடும்.

அரசுக்கு ஒரு வேண்டுகோள். உரிமம் தருவதைப்போலவே, தந்த பிறகு சொல்லாமல் வந்து பார்ப்பதற்கும் போதிய ஆய்வாளர்கள் வேண்டும். உடலுக்குள் வைக்கும் ஒவ்வொரு கருவிக்கும் கட்டாயத் தேசியப் பதிவேடு வேண்டும். இன்னொரு 4,700 பேரை நாம் முகவரி இல்லாமல் தேடக்கூடாது.

ஒரு தொழிற்சாலை எவ்வளவு தரமானது என்று அறிய விரும்பினால், அங்கே சமீபத்தில் யார் வேலையை நிறுத்தினார், அதன் பிறகு அவருக்கு என்ன நேர்ந்தது என்று கேளுங்கள். அவர் மதிப்போடு அதே இடத்தில் பணியில் இருக்கிறார் என்றால், அந்த ஆலையின் பொருளை உங்கள் தாய்க்கும் பிள்ளைக்கும் நம்பிப் பொருத்தலாம். அப்படிப்பட்ட ஆலைகளை இந்த மண்ணில் நாம் கட்டியெழுப்ப முடியும், கட்டியெழுப்ப வேண்டும்.